எவ்வளவு கஷ்டம், சொல்லுங்கம்மா

அந்தப் பெண் வருவதற்கு முன்பே என் மகன் இளம்பரிதி நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை என்றால் வெயில் ஏறும்வரை போர்வைக்குள் கிடக்கிற ஆள், அன்றைக்குக் குளித்து, சட்டை மாற்றி, சென்ட் வேறு அடித்திருந்தான். கலைமகளைப் பெண் பார்க்கப் போனபோதுகூட இவன் இவ்வளவு பூசிக்கொள்ளவில்லை.

வரப்போகிறவள் கண் ஆஸ்பத்திரிக்காரி. பார்வை போனவர்கள் வீட்டில் எப்படி இருக்கிறார்கள், அவர்கள் வாழ்க்கை எந்தத் தரத்தில் ஓடுகிறது என்று கேள்வி கேட்டு மார்க் போடுவார்களாம். ஐம்பத்தொரு வயதில் இந்தத் தனக்கொடிக்குப் பரீட்சை. அதிலும் இது மார்க் குறைய வேண்டிய பரீட்சை. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடத்தில் எந்த முயற்சியும் இல்லாமல் நான் சாதித்ததை இப்போது சாமியிடம் வேண்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கண்ணில் பிரஷர். உள்ளே அழுத்தம் ஏறி ஏறி நரம்பைத் தின்றுவிட்டது என்றார் டாக்டர். தட்டாஞ்சாவடியில் பிளாஸ்டிக் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். மூலக்குளத்திலிருந்து சைக்கிளில்தான் போய் வருவேன். முதலில் ஓரத்தில் வருகிற வண்டிகள் தெரியாமல் போயின. அதற்கு வண்டிக்காரர்களைத் திட்டினேன். பிறகு மூடியில் கீறல் தெரியவில்லை. அதற்குக் கம்பெனி விளக்கைத் திட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது திட்டுவதற்கு ஆளில்லாமல் போய்விட்டது. இப்போது வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும், நேர் எதிரே யாராவது அசைந்தால் நிழல் மாதிரி ஒன்று தெரியும். போனது திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

திரும்பாத கண்ணுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு தனிப் பிரிவு உண்டு. அங்கேதான் அஞ்சலாட்சியைச் சந்தித்தேன். அரியாங்குப்பத்துக்காரி. என்னைவிட அவளுக்குப் பார்வை மோசம். என் பக்கத்தில் உட்கார்ந்து எதையோ மடக்கி மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். டக் டக்கென்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"யாரு கூட வந்தீங்க?" என்று கேட்டேன். அந்தப் பிரிவில் ஒருவரையொருவர் முதலில் கேட்கிற கேள்வி அதுதான்.

"நானேதான் வந்தேன்."

"பஸ்லயா?"

"பின்ன, ஏரோப்ளேன்லயா? பஸ் ஏறி, ஆத்துப் பாலம் தாண்டி, எறங்கி, ரோட்ட கடந்து, நானேதான் வந்தேன்."

சொல்லிவிட்டு அவள் மடக்கிக்கொண்டிருந்ததை என் கையில் வைத்தாள். குச்சி. நாலாக மடிகிற குச்சி. அதைப் பிடித்து நடக்கவும், பஸ் ஏறவும், அடுப்பைப் பற்ற வைக்கவும், கையை வெட்டிக்கொள்ளாமல் காய் நறுக்கவும் ஆறு வாரம் தங்க வைத்துப் பழக்குகிறார்களாம். போன தடவை அவள் போனாள். அன்று இளம்பரிதியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பினேன். வழியெல்லாம் காதில் அந்த ஒரு பேச்சுதான். நானேதான் வந்தேன். எனக்கு அது வேண்டும் என்று தோன்றியது. என் கல்யாணத்துக்குக்கூட நான் இவ்வளவு ஆசைப்படவில்லை.

இந்தத் தடவை எட்டுப் பேருக்குத்தான் இடம். யாருக்குக் கஷ்டம் அதிகமோ அவர்களுக்கு. அந்தக் கஷ்டத்தை அளக்கத்தான் அந்தப் பெண் வீடு தேடி வருகிறாள்.

என் மகன் கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதி. சண்டை போட்டிருப்பேன். அவன் அப்பா போனபோது பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். நான் வேலை முடிந்து வந்து சைக்கிளைச் சுவரில் சாத்தும்போது வந்து நின்று, "நான் வேலைக்குப் போனதும் நீ ஒண்ணுமே செய்யக் கூடாதும்மா, உன்ன உக்கார வெச்சு சோறு போடுவேன்" என்பான். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை தாய்க்குக் கொடுக்கிற பெரிய வாக்கு அது. அம்மாவை உட்கார வைத்துச் சோறு போடுகிறான் என்று நாலு பேர் சொன்னால்தான் அவன் மனுஷன். அம்மா இன்னும் பாத்திரம் தேய்க்கிறாள் என்றால் தெருவில் அவன் தலை நிமிராது.

இளம்பரிதி வாக்கைக் காப்பாற்றினான். என் கண் போனதும் இன்னும் நன்றாகக் காப்பாற்றினான். ஒருநாள் பால் பொங்கி என் கையில் கொட்டியது. மறுநாளிலிருந்து அடுப்பு எனக்கில்லை. வேலைக்குக் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றிப் பரண் மேல் வைத்துவிடுவான். நான் துணி மடித்தால் பிடுங்கி வைப்பான். ஒருநாள் கூடத்தைப் பெருக்கினேன். "எங்கம்மா கையில தொடப்பத்த ஏன் குடுத்த?" என்று கலைமகளைப் பிடித்துக் கத்தினான். பாவம் அந்தப் பெண், கொடுக்கவே இல்லை. நான்தான் தேடி எடுத்தேன்.

கலைமகளுக்கு நேரு வீதியில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலை. இரண்டு பேரும் கிளம்பும்போது என் கட்டில் பக்கத்தில் சோற்றை மூடி வைத்து, டிவியைப் போட்டுவிட்டு, கிரில் கேட்டை வெளியே பூட்டிக்கொண்டு போவார்கள். நான் தடுமாறி வெளியே போய்விடக் கூடாதாம். அவசரத்துக்கு ஒரு சாவி எதிர்வீட்டுக் கன்னியம்மாளிடம் இருக்கும். சாயங்காலம்வரை டிவியில் யார் யாரோ அழுவார்கள். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். தெருவே என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. குடுத்து வெச்சவ தனக்கொடி என்று என் காதுபடவே சொன்னார்கள்.

வந்த பெண்ணின் பெயர் கவிநிலா. சின்னக் குரல், பொறுமையான குரல். பெரிய போன் மாதிரி டேப் ஒன்றை மடியில் வைத்திருந்தாளாம். பதில் சொன்னால் அதை விரலால் தட்டுவாள்.

"அம்மா, நான் ஒவ்வொரு வேலையா சொல்றேன். அதச் செய்ய எவ்வளவு கஷ்டம், சொல்லுங்கம்மா. கஷ்டமே இல்லையா, கொஞ்சமா, நடுத்தரமா, ரொம்பவா, இல்ல கண்ணு தெரியாததால செய்யவே முடியலையா. வேற காரணத்தால அதச் செய்யறதே இல்லன்னா அதையும் சொல்லலாம்."

"கேளுங்க மேடம்," என்றான் இளம்பரிதி.

"காய் நறுக்கறது, சமைக்கறது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவன் சொன்னான். "அதெல்லாம் எங்கம்மா செய்யறதே இல்ல மேடம். நாங்க விடறதே இல்ல."

ஒரு தட்டு.

"தெருவுல தனியா நடந்து போறது?"

"எதுக்குத் தனியா போவணும்? நான் இருக்கேன்ல?"

இன்னொரு தட்டு.

"பஸ்ஸு, டெம்போ ஏறுறது?"

"பைக்ல கூட்டினு போறேன் மேடம். பஸ்ல ஏறி எவ்ளோ வருஷம் ஆச்சு!"

அவள் கொஞ்சம் தயங்கினாள். "சார், அம்மாவே சொல்லட்டுமே."

"சொல்லும்மா," என்று என் தோளில் கை வைத்தான். அதில் எவ்வளவு பெருமை இருந்தது என்று அந்தக் கையின் கனத்திலேயே தெரிந்தது. அந்தக் கை தோளில் இருக்கும்போது நான் என்ன சொல்ல? "ஆமா பாப்பா, அவன் சொல்றதுதான். நான் செய்யறதில்ல," என்றேன். பொய்யும் இல்லையே.

அதற்கப்புறம் மனசைப் பற்றிய கேள்விகள். "மத்தவங்களுக்குப் பாரமா இருக்கோம்னு தோணுதாம்மா? எதுவுமே நம்ம கையில இல்லன்னு தோணுதா?"

அந்த நேரம் பார்த்துத்தான் கலைமகள் டீ கொண்டுவந்தாள். தட்டில் டம்ளர்கள் லேசாக உரசிக்கொண்டு நின்றன. அவள் மூச்சுவிடுவதுகூட எனக்குக் கேட்டது. பெற்ற பிள்ளையையும் அவன் பெண்டாட்டியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வெளியாளிடம் குறை சொல்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. கஞ்சியைக் குடித்துவிட்டுப் பிரியாணி சாப்பிட்டவர்கள் மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வருகிற ஆட்கள் நாங்கள்.

"எனக்கு இன்னா கொற? ராணி மாதிரி இருக்கேன்," என்றேன்.

இளம்பரிதி சிரித்தான். வாசல்வரை போய் அவளை வழியனுப்பி வைத்தான். அவள் ஸ்கூட்டி தெருமுனை திரும்பிய பிறகுதான், என் கஷ்டம் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை என்று உறைத்தது.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் என் பட்டன் போன் அடித்தது. வீட்டில் நானும் டிவியும்தான் இருந்தோம்.

"அம்மா, கவிநிலா பேசறேன். உங்க மார்க் ரொம்ப நல்லா வந்திருக்கும்மா." துக்கம் விசாரிக்கிற குரலில் சொன்னாள்.

"நல்லான்னா?"

"நாங்க பாத்தவங்கள்லயே உங்களுக்குத்தான் அதிகம். அதனால லிஸ்ட்ல உங்க பேரு வரல."

"எனக்கா அதிகம்? இன்னா பாப்பா சொல்ற?"

"செய்யறதே இல்லன்னு சொன்ன கேள்வியெல்லாம் கணக்குல சேராதும்மா. மிச்சம் இருந்தது சாப்பிடறது, குளிக்கறது, பொடவ கட்டறது, டிவி கேக்கறது. அதுல உங்களுக்குப் பெருசா கஷ்டம் இல்ல. மனசு கேள்வியிலயும் கொறையே இல்லன்னுட்டீங்க."

கேட் பூட்டியிருந்தது. கட்டில் ஓரத்தில் சோறு மூடியிருந்தது. புதுச்சேரியில் கண் தெரியாதவர்களிலேயே தரமான வாழ்க்கை என்னுடையதுதானாம். வெயிலில் குச்சியைத் தட்டிக்கொண்டு போய், பஸ்ஸைத் தவறவிட்டு, சூடு பட்டுச் சமைக்கிற அஞ்சலாட்சி என்னைவிடக் கீழே. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்புறம் அழுதேன். வாய்விட்டு அழுதேன். பூட்டிய வீட்டில் அதற்கு மட்டும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

கவிநிலா போனை வைக்காமல் இருந்தாள். நான் அழுது முடித்ததும் மெதுவாகச் சொன்னாள். "ஒருத்தங்க வரலன்னுட்டாங்கம்மா. ஒரு எடம் காலி. அதுக்கு, செய்யறதே இல்லன்னு நெறய சொன்ன ரெண்டு மூணு பேருகிட்ட மறுபடி கேக்கச் சொல்லியிருக்காரு டாக்டர். அடுத்த ஞாயித்துக்கெழம வரேன். ஆனா நீங்க செய்யாத வேலைக்குக் கஷ்டம்னு நானா போட முடியாது. பொய்யா போட்டா என் வேல போயிடும்."

"செஞ்சா?"

"செஞ்சு பாத்து, கஷ்டமா இருந்துச்சுன்னு சொன்னீங்கன்னா போடுவேன்."

மறுநாள் இவர்கள் இரண்டு பேரும் கிளம்பிப் போனதும் கிரில்லைப் பிடித்துக்கொண்டு கன்னியம்மாளைக் கூப்பிட்டேன். உள்ளே புழுங்குகிறது, வாசலில் நாற்காலி போட்டுக் கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன் என்றேன்.

"உம் புள்ளைக்குத் தெரிஞ்சா என்ன உண்டு இல்லன்னு பண்ணிடுவான்," என்றாள். ஆனாலும் திறந்தாள். அடுப்பில் உலை கொதிக்கிறது என்று திரும்பிப் போனாள். அவள் வீட்டுக் கதவுச் சத்தம் கேட்டதும் நான் எழுந்தேன்.

முனைக்கடை தூரமே இல்லை. கண் இருந்தபோது செருப்புகூடப் போடாமல் போய்விட்டு வருவேன். ஆனால் மூலக்குளம் அப்போதைய மூலக்குளம் இல்லை. காலி மனை இருந்த இடத்திலெல்லாம் வீடு எழும்புகிறது. இடது கையால் காம்பவுண்டுச் சுவரைத் தடவிக்கொண்டே போனேன். சுவர் முடிந்த இடத்தில் கை காற்றில் தொங்கியது. ஜல்லிக் குவியலில் கால் ஏறிச் சறுக்கியது. நிறுத்தியிருந்த ஒரு பைக்கின் சைலன்சர் கெண்டைக்காலில் பட்டுச் சுட்டது. கலவையோ என்னவோ ஈரமாக ஒன்றை மிதித்தேன். "ஆயா, பாத்து! பாத்து!" என்று மேலேயிருந்து ஒரு கொத்தனார் கத்தினான். ஐம்பத்தொரு வயதுக்காரியை ஆயா என்கிறான். கண் இருந்திருந்தால் நின்று இரண்டு வார்த்தை கேட்டிருப்பேன்.

கடை வந்ததை எண்ணெய் வாசனை சொன்னது. "ஒரு உப்பு பாக்கெட் குடுப்பா," என்றேன்.

"தனக்கொடிக்காவா? யாரு கூட வந்தீங்க?" கடைக்காரர் எழுந்தே விட்டார்.

"நானேதான் வந்தேன்."

சொன்னபோது முதுகில் வேர்வை ஓடியது, கெண்டைக்கால் எரிந்தது, கால் முழுக்கச் சிமெண்ட். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

திரும்பும்போதுதான் தப்பிவிட்டது. தண்ணீர் டிராக்டர் ஒன்று பக்கத்தில் உறுமிக்கொண்டு வந்தது. பயந்து ஒதுங்கி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டேன். அது போன பிறகு எந்தப் பக்கம் வந்தேன், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று பிடிபடவில்லை. கைக்கு அகப்பட்ட சுவரெல்லாம் தெரியாத சுவர். கொஞ்ச தூரம் போய், கால் ஓய்ந்து, ஒரு மணல் குவியலில் உட்கார்ந்தேன். ஆட்கள் கூடினார்கள். யார் வீடு, எங்கே வீடு என்று ஆளுக்கொரு கேள்வி.

"ஒண்ணும் இல்லப்பா. முனைக்கட எந்தப் பக்கம்னு மட்டும் காட்டுங்க, அங்கேருந்து நானே போயிடுவேன்," என்றேன்.

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ஒருவன் போட்டோ எடுத்தான். நகர் வாட்ஸாப் குரூப்பில் போட்டால் வீட்டுக்காரர்கள் ஓடி வந்துவிடுவார்கள் என்றான். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லப் போட்டுவிட்டான். நான் உட்கார்ந்திருந்தது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவாம்.

இளம்பரிதி வந்தான். என்னைத் தூக்கி நிறுத்திப் பைக்கில் ஏற்றினான். வழியில் அவன் முதுகு குலுங்கியது. வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து, அந்தப் போட்டோவுக்குக் கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினான். பெற்றவளைத் தெருவில் விட்டவன் உருப்படுவானா என்று ஒருவர். இப்படியொரு பிள்ளையைப் பெறுவதற்குச் சும்மா இருக்கலாம் என்று இன்னொருவர். படிக்கப் படிக்க அவன் குரல் உடைந்தது.

"நான் உனக்கு இன்னாம்மா கொற வெச்சேன்?"

"ஒரு கொறயும் வெக்கலடா. அதான்."

அவனுக்குப் புரியவில்லை. எதிர்வீட்டுக்குப் போய்ச் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். அன்றிலிருந்து கன்னியம்மாள் எங்கள் பக்கம் திரும்பிப் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கவிநிலா வந்தாள். இந்தத் தடவை நாற்காலி துடைக்கப்படவில்லை. இளம்பரிதி உள்ளறைக் கதவோரம் நின்றான். அவன் நிற்கிறான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"தெருவுல தனியா நடக்கறது?"

"நடந்தேன். ரொம்பக் கஷ்டம்."

"கடையில சாமான் வாங்கறது?"

"வாங்கினேன். ரொம்பக் கஷ்டம். திரும்பி வரவே முடியல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். மார்க் குறைய வேண்டுமே என்ற பேராசை. ஒவ்வொரு கேள்விக்கும் வீட்டில் இருந்ததையெல்லாம் அள்ளிக் கொட்டினேன். சாப்பிடுவதா, மிளகாயைக் கடித்த பிறகுதான் மிளகாய் என்று தெரிகிறது, ரொம்பக் கஷ்டம். குளிப்பதா, சோப்பு நழுவினால் தரையெல்லாம் தடவ வேண்டியிருக்கிறது, ரொம்பக் கஷ்டம். புடவையா, உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று தெரிவதில்லை. அதுவும் ரொம்பக் கஷ்டம். தட்டுகிற சத்தம் விடாமல் கேட்டது. கேட்கக் கேட்க எனக்குத் தெம்பு வந்தது.

"பாரமா இருக்கோம்னு தோணுதாம்மா?"

"தெனம் தோணுது."

"எதுவும் நம்ம கையில இல்லன்னு?"

"இந்த வீட்டுல எங்கையில இன்னா இருக்குது? டிவி ரிமோட்டுகூட இல்ல."

கிளம்பும்போது கவிநிலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெடச்சிடும்மா," என்று காதோடு சொன்னாள். அன்று முழுக்க என்னென்ன துணி எடுத்துவைப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை காலை இளம்பரிதி கிளம்பிப் போனான். கேட் பூட்டுகிற சத்தம் கேட்கவில்லை. கலைமகள் வீட்டுக்குள்ளேயே நடமாடிக்கொண்டிருந்தாள்.

"நீ கடைக்குப் போவலயா?"

"நின்னுட்டேன் அத்த."

"நின்னுட்டியா? ஏன்?"

"அவருதான் சொல்லிட்டாரு. அம்மா இவ்ளோ கஷ்டத்த மனசுல வெச்சுக்கினு இருந்திருக்காங்க, நாம பாக்காம விட்டுட்டோம்னு ராத்திரியெல்லாம் அழுதாரு."

என் மகன் ஒவ்வொரு பதிலையும் கேட்டு, ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்திருந்தான். சோப்புக் கஷ்டம் என்றேன். கலைமகள் குளியலறைக்குள் வந்து என்னை உட்கார வைத்துத் தேய்த்துவிட்டாள். குளித்து முடிக்கும்வரை இரண்டு கையாலும் மாரைப் பொத்திக்கொண்டிருந்தேன். புடவை கஷ்டம் என்றேன். சாயங்காலம் நாலு நைட்டி வாங்கி வந்தான். கதவுக்கு வெளியே மட்டும் இருந்த பூட்டு இப்போது என் உடம்புவரை வந்துவிட்டது. அதை வாங்கிக் கொடுத்தது என் வாய்தான்.

கலைமகளுக்கு அந்த வேலை பிடிக்கும். சாயங்காலம் வந்ததும் எந்தப் பொம்பளை எத்தனை புடவையைப் பிரிக்க வைத்து ஒன்றும் எடுக்காமல் போனாள் என்று நடித்துக் காட்டுவாள். நான் குரலை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துச் சிரிப்பேன். இப்போது அவளிடம் சொல்வதற்கு எதுவும் இல்லை. பாத்திரம் கழுவும்போது மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வரும்.

வாரக் கடைசியில் கவிநிலா கூப்பிட்டாள். போன் அப்போது கூடத்தில் இருந்தது. இளம்பரிதி எடுத்தான்.

"அப்படியா மேடம்? எடம் கெடச்சிடுச்சா? இல்ல மேடம், வேணாம். நீங்க வந்து கேட்டப்பறம்தான் எங்கம்மா கஷ்டமே எங்களுக்குத் தெரிஞ்சுது. இப்ப வீட்டோட ஆளு இருக்கு. ரொம்ப தேங்க்ஸ் மேடம்."

"டேய், நான் போறேன்டா!" கட்டிலிலிருந்து எழுந்து குரல் வந்த பக்கம் ஓடினேன். முட்டி எதிலோ இடித்தது. "வெச்சுடாதடா. குடு, நான் பேசறேன்!"

அவன் வைத்துவிட்டு வந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தான். "சோறு துன்றதே கஷ்டம்னு நீதான சொன்ன? வீட்டுக்குள்ளயே இவ்ளோ கஷ்டப்படறவ, அங்க போயி ஆறு வாரம் தனியா எப்படிம்மா இருப்ப?"

"கத்துக்கத்தான்டா போறேன்."

"நான் இருக்கற வரைக்கும் நீ எதுக்கும்மா கத்துக்கணும்?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. தன் துண்டை எடுத்து என் கண்ணைத் துடைத்துவிட்டான். நான் அவன் கையைத் தள்ளினேன், கத்தினேன், அர்த்தமில்லாமல் என்னென்னவோ திட்டினேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அம்மாவுக்கு மனசு சரியில்லை என்று கலைமகளிடம் சொன்னான். மறுநாள் அவன் இல்லாத நேரத்தில் கலைமகளிடம் அவளுக்குப் போன் போடச் சொன்னேன். இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது என்றாள் கவிநிலா. அவளும் அழுதாள் என்று நினைக்கிறேன். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

அன்று மத்தியானம் இளம்பரிதி சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தான். கை கழுவிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். ரசம் வாசனை வந்தது. வழக்கமாகத் தட்டு இருக்கிற இடத்தில் கையை வைத்தேன். தட்டு இல்லை. கலைமகள் எதிரில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைகிற சத்தம் கேட்டது.

"ஆ காட்டுங்க அத்த."

"தட்ட இப்படிக் குடு. நான் சாப்பிட்டுக்கறேன்."

"மொளகா கடிபடுதுன்னு சொன்னீங்கள்ல? நானே பாத்துப் பாத்து ஊட்டணும்னு சொல்லியிருக்காரு."

"நான் சும்மா சொன்னேன்டி. மார்க்குக்காகச் சொன்னேன். குடு."

கையை நீட்டித் துழாவினேன். தட்டு விளிம்பு விரலில் பட்டது. பிடித்து இழுத்தேன். அவள் விடவில்லை.

"அத்த, விடுங்க. உள்ளதான் இருக்காரு. பாத்தா என்னத்தான் திட்டுவாரு." பேச்சுக்கு நடுவில் மூக்கை உறிஞ்சினாள். காலையிலிருந்து அழுதிருக்கிறாள். என்னால்தான் வேலையை விட்டாள், என்னால்தான் இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். நான் இன்னொரு தடவை இழுத்தால் அந்தத் திட்டையும் அவள் வாங்குவாள்.

இனி யாராவது வந்து கேள்வி கேட்டால் நான் செய்கிற வேலை என்று ஒன்றுகூட மிச்சம் இருக்காது என்று நினைத்தேன். எதற்கும் கஷ்டம் இருக்காது. மார்க் இன்னும் ஏறும்.

தட்டை விட்டேன். சோறு உதட்டுக்கு வந்து காத்திருந்தது. உள்ளறையிலிருந்து, "அம்மா சாப்பிடறாங்களா கலை?" என்று குரல் வந்தது.

வாயைத் திறந்தேன்.